பிஸ்கட் ஆலையில் அறுபட்ட கயிறு

காலை 8.40. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறினோம். பொம்மசந்திரா இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனக்கு டிக்கெட் முப்பது ரூபாய், பெண் என்பதால் மனைவி கமலாவுக்கு இலவசம். இந்த வேறுபாட்டை அவள் வழி நெடுக நினைவூட்டிக்கொண்டு வந்தாள்.

10.15. பிஸ்கட் ஆலையைச் சுற்றிப் பார்க்க ஆளுக்கு நூறு ரூபாய். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் இத்தகைய வாசல்களில் சும்மா நுழைந்தவன் நான். வழிகாட்ட வந்தவர் நீலசந்திராவைச் சேர்ந்த செல்வி என்ற பெண். பாக்கிங்கில் இருந்தவருக்கு இன்று முதல் சுற்று. சரியாகச் செய்தால் இந்த வேலை, இல்லையேல் மறுபடி பாக்கிங். மேற்பார்வையாளர் மஞ்சுநாத் இதை அவர் எதிரிலேயே எங்களிடம் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்.

தலை உறை, காலணி உறை, கை கழுவும் நேரம் எல்லாவற்றையும் செல்வி சொல்லுமுன் நானே சொல்லிக்கொண்டு போனேன்.

10.40. உற்பத்திக் கூடத்தின் கதவு. செல்வி என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சார், கயிறு இருந்தா உள்ள விட முடியாது. அறுக்கணும், இல்லன்னா இங்கயே உக்காரணும்."

"கோயில் கயிறும்மா."

"தெரியுது சார். எங்கம்மா கட்டினதையே போன வாரம் அறுத்துட்டுத்தான் உள்ள போனேன்."

மஞ்சுநாத் நெளிந்தபடி கன்னடம் கலந்து சொன்னார். "ஹோகலி பிடம்மா, ரிட்டயர்டு ஆபீசரு. விட்டுடு."

செல்வியின் முகம் வெளிறியது. கதவை விட்டு மட்டும் நகரவில்லை. "மாவுல விழுந்தா ஆபீசர் நூலுன்னு தனியா தெரியுமா சார்?" என்று அவரைக் கேட்டார்.

இதே குற்றத்துக்கு எத்தனையோ பேக்கரிகளுக்கு நோட்டீஸ் கொடுத்தவன் நான். கமலா உதவிக்கு வந்தாள், செல்வியின் உதவிக்கு.

"அறுத்துடும்மா. சுகர் குறையட்டும்னு வேண்டிக்கிட்டுக் கட்டினேன். மனுஷன் பிஸ்கட் பாக்க நூறு ரூவா கட்டினப்பவே அது வேலை செய்யலன்னு தெரிஞ்சிடுச்சு."

செல்வி சிரிக்காமல் கத்தரித்து, கயிற்றைக் காகிதத்தில் மடித்துக் கமலாவிடம் கொடுத்தார்.

உள்ளே வெண்ணெய் மணம். நீண்ட அடுப்பிலிருந்து பிஸ்கட்டுகள் வரிசை கலையாமல் நகர்ந்து வந்தன. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பும் இப்படி நகர்ந்ததில்லை.

12.10. வெளியே வந்ததும் மஞ்சுநாத் கருத்துப் படிவத்தை நீட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், புதுசு." சற்றுத் தள்ளி செல்வி தலை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார், பத்தைத் தாண்டாமல் மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்று வரிக்கு இடமிருந்தது. 'என்னைத் தடுத்தார். மேலதிகாரி சொல்லியும் விடவில்லை. இனித் தனியாகவே சுற்று நடத்த விடலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மஞ்சுநாத் இரண்டாவது வரியை இரண்டு முறை படித்தார். பிறகு செல்வியைப் பார்த்து, "திங்கக்கிழமை அறுபது ஸ்கூல் பசங்க வர்றாங்க. நீயே பாத்துக்கோ" என்றார்.

செல்வி சிறிது யோசித்தார். "அப்போ இன்னும் ரெண்டு கத்தரி வேணும் சார்."