நாலுக்குக் கீழே போட்டால் கதவு திறக்காது

புற்றுநோய்ப் பிரிவின் மூன்றாவது மாடியில், கடைசி அறைக்கு நன்றாகப் போகிறவர்கள் மோசமாகித் திரும்புகிறார்கள் என்று லிப்ட் இயக்குபவர் சொல்லிக்கொண்டிருந்தார். லிப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் செய்தி மருந்துக்கடை, கேன்டீன் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிடும். விசாரித்துப் பார்த்தால், வதந்திக்கு ஆதாரமே இருந்தது. அதுவும் எழுத்தில்.

அந்த அறையில் இருந்தவர் ஓர் உளவியலாளர். நோயாளிகள் வைத்த பெயர் பேச்சு டாக்டர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும், புற்றுநோயாளிகளோடு வேலை செய்யப் பழகுவதற்கென்று இரண்டு வருடப் பயிற்சியில் சேர்ந்திருந்தார். இதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

“பேசறதுக்கு ரெண்டு வருஷம் பயிற்சியா? நம்ம அத்தை எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?” என்பார் அண்ணன்.

“அத்தை பேசுவாங்க. நான் கேக்கப் பழகறேன்.”

சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நர்ஸ் ஒரு தாளை நீட்டுவார். மனக்கஷ்டம் எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். நாலும் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு மட்டும் கடைசி அறை. முதல் வருட முடிவில் பயிற்சியாளர்களை எடைபோடும் குழுவும் இந்த எண்களைத்தான் பார்க்கும். எண் இறங்கியிருந்தால் இரண்டாம் வருடம். இல்லையென்றால் வீடு, அண்ணன், அத்தை.

பேச்சு டாக்டரிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு எண் இறங்கவே இல்லை. குடல் கட்டிக்குச் சிகிச்சை எடுத்த ஒரு தையல்காரர் ஆறில் ஆரம்பித்து எட்டுக்கு ஏறி, அங்கேயே குடியிருந்தார்.

நோயாளியின் சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவை வரிக்கு வரி நிறுத்தி, பின்னால் ஓட்டிக் குடைவது மேற்பார்வையாளரின் வேலை. அதனால் அவர் பெயர் ரீவைண்ட். தையல்காரரின் பதிவைப் பாதியில் நிறுத்தினார்.

“நாப்பது நிமிஷத்துல ஏழு தடவ சிரிச்சிருக்கார். எட்டு போடற ஆளா இவரு?”

“தெரியல சார்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. ஆராய்ச்சிக்காக இருநூறு பேரிடம் இதே மாதிரித் தாளை நிரப்பி வாங்கியவர் பேச்சு டாக்டர். தாள் பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதிகம் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு.

அடுத்த வாரம் நேராகவே கேட்டார். “ஐயா, நெஜமாவே எட்டா?”

தையல்காரர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நெஜம் மூணுதாம்மா. மூணு போட்டா உங்ககிட்ட அனுப்ப மாட்டாங்களே! இந்தக் கட்டடத்துல உக்காந்து கேக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான். பக்கத்து பெஞ்சுக்காரங்களுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன், ஏழுக்குக் கொறயாதீங்கன்னு.”

பேச்சு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதுவும் பதிவாயிற்று.

“இதைக் குழுவுல போட்டுக் காட்டலாமா ஐயா?”

“தாராளமா. ஆனா வாராவாரம் நான் நம்பர் சொல்றேனே, நீங்க ஒரு தடவ சொல்லணும். உங்களுக்கு எவ்வளவு?”

“அடுத்த வாரம் சொல்றேன்.”

பெஞ்சுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இளித்தார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும், “எனக்கு நெஜமாவே எட்டு” என்றார். அவரோடு பேச்சு டாக்டர் மறுநாளும் உட்கார்ந்தார்.

குழுவின் முன்னால் பேச்சு டாக்டர் எண்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பதிவைப் போட்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அப்ப இந்தத் தாளை என்ன பண்றது?”

“வெச்சுக்கலாம் சார். எந்த நம்பர் போட்டாலும் வரலாம்னு கீழ ஒரு வரி சேத்தா போதும். நம்பர் தானா எறங்கும்.”

வரி சேர்ந்தது. இரண்டாம் வருடமும் கிடைத்தது. அடுத்த முறை தையல்காரர் மூன்றை வட்டமிட்டு, நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“உங்க நம்பர்?”

“அடுத்த வாரம், ஐயா.”

அப்படி இதுவரை மூன்று அடுத்த வாரங்கள் போய்விட்டன.