கதவோரப் பாய்

“அந்தக் கதவு சாத்தமாட்டேங்குது. காத்து நேரா எம் முட்டியிலதான் ஏறுது.”

மரியநாயகி இதைச் சொல்லாத நாள் கிடையாது. மலையில் கொழுந்து எடுக்கும்போது சொல்லுவாள், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லுவாள், என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டும் சொல்லுவாள். கேட்கிறவர்கள் அவள் குடியிருக்கிற லயத்து வரிசைவீட்டுக் கதவு என்று நினைப்பார்கள். இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில் கதவு. புதிதாக வந்தவர்கள் யாராவது, உள்ளே தள்ளி உட்காரலாமே என்று கேட்டால் மட்டும் அவளிடமிருந்து பதில் வராது. அந்தப் பதிலை நான் எழுதுகிறேன்.

எங்கள் சபை கெட்ட சபை என்று யாரும் நினைக்கவேண்டாம். முப்பது குடும்பம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் நாலு வீட்டிலிருந்து கஞ்சி போகும். பிரசவத்துக்குக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும், சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுகிறவர்களும் இவர்கள்தான். ஆனால் தங்களுக்குச் சௌகரியமான ஒரு பொய்யைக் கேட்டால் எழுந்து வெளியே போகத் தெரியாது.

அந்தப் பொய்யைக் கொண்டுவந்தவர் உபதேசியார் சூசைரட்ணம். ஐம்பத்தாறாம் வருசம் வந்தார். போதகர் நுவரெலியாவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், திருவிருந்து கொடுப்பார், போய்விடுவார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார் பேசுவதுதான் பேச்சு. நல்ல குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு ஞாயிறு அவர் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்து இப்படிச் சொன்னார்:

“நீங்க படங்கு கட்டிக்கிட்டுத்தானே மலைக்குப் போறீங்க. சேறு, அட்டை, மழை எல்லாம் படங்கோட போயிருது. உள்சீலை அழுக்காகுதா? சரீரமும் ஒரு படங்குதான். ஞானஸ்நானம் எடுத்தவன் ஆத்துமாவை, சரீரம் செய்யிற எதுவும் தொடாது.”

சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சாக்குத்தான் படங்கு. அதைச் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவனுக்கு விளங்கியது. கொழுந்து அரைக்கிற ஸ்டோரிலிருந்து தேயிலைத்தூளை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு விளங்கியது. ஆளுக்கொரு படங்கு தேவையாகத்தான் இருந்தது.

எல்லாரையும்விடப் பெரிய படங்கு தேவைப்பட்டது மலையில் வேலை வாங்குகிற றோலண்ட் கண்டாக்கையாவுக்கு. யாருக்கு எந்த மலை, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், அதாவது முழுநாள் கூலியா பாதிக் கூலியா என்பதெல்லாம் அவர் கையில். சபையில் மூப்பரும் அவர்தான். கோயில் கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தார். அவர் சம்சாரமும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். இங்கே குவாட்டர்ஸில் சமைக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். மரியநாயகியின் மகள் பெற்றீசியா போனாள். அப்போது அவளுக்கு இருபது வயது. தகப்பன் இல்லாத பிள்ளை.

இரண்டு மாதம் அந்தி சாயும்போது லயத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பிறகு வருவது நின்றது. மரியநாயகி போய்க் கூப்பிட்டாள். குவாட்டர்ஸ் பின்கதவில் நின்று மகள் சொன்ன பதிலை, திரும்பி வரும் வழியில் என் வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

“எதுக்கும்மா கத்துற, படங்குதானேங்கிறா வாத்தியாரம்மா. சிரிச்சுக்கிட்டே சொல்றா.”

என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மரியநாயகிக்கு எழுத்துத் தெரியாது. சபைக்குள்ளே பிழையான போதனை வந்தால் வேதத்தில் என்ன இருக்கிறது, வாசித்துக் காட்டு என்று கேட்டாள். தியத்தீரா என்ற ஊர்ச் சபைக்கு வந்த கடிதத்தை வாசித்தேன். அந்தச் சபையும் எங்களை மாதிரிதான். அன்பு இருந்தது, ஊழியம் இருந்தது, பொறுமை இருந்தது. ஒரே ஒரு குற்றம். தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி ஆட்களைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பேசவிட்டுவிட்டு எல்லாரும் இருந்தார்கள்.

“கடுதாசி வந்ததுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க?”

அது எழுதியிருக்கவில்லை என்றேன்.

“அப்ப நம்மள மாதிரி சும்மாதான் இருந்திருப்பாங்க,” என்று எழுந்து போனாள்.

அடுத்த தடவை போதகர் வந்து, ஆராதனை முடிந்து சபைக்கூட்டம் வைத்தபோது மரியநாயகி எழுந்து நின்றாள். மகள் முன்வரிசையில் புதுச்சேலையில் இருந்தாள். மரியநாயகி வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். படங்குப் பேச்சு பொய் என்று போதகர் வாயால் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அவர் சொன்னால் மகள் கேட்பாள் என்று நம்பினாள்.

“எனக்குப் படிப்புத் தெரியாதுங்கய்யா. படங்கு தெரியும். இருவது வருசமா கட்டுறேன். உள்சீலை நனையாம ஒருநாள்கூட லயத்துக்குத் திரும்புனதில்லீங்க. உபதேசியார ஒருநாள் கட்டிக்கிட்டு மலைக்கு வரச் சொல்லுங்க.”

பின்னால் இருந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். உபதேசியார் முகம் சுருங்கியது. அத்தோடு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு ஜெயித்திருப்பாள். ஆனால் அவள் கண்டாக்கையா பெயரையும் மகள் பெயரையும் சொல்லிவிட்டாள்.

மூப்பர் மேல் குற்றம் சொன்னால் இரண்டு சாட்சி வேண்டும் என்றார் போதகர். பார்த்தவர்கள் யார் என்று கேட்டார். பீலிக்கரையில் அந்தக் கதையைப் பேசாத பெண் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒருத்தியும் எழவில்லை. நானும் எழவில்லை. பெற்றீசியாவைக் கேட்டார். சம்பளத்துக்குச் சமைக்கிறேன், நான் நல்லா இருக்கிறது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றாள். றோலண்ட் கண்டாக்கையா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசத் தேவையே இருக்கவில்லை.

எங்கள் கோயிலில் கதவோரம் ஒரு பழைய பாய் கிடக்கும். சபை ஒழுங்கில் வைக்கப்பட்டவர்கள் அதில் உட்காரவேண்டும். திருவிருந்து கிடையாது. மன்னிப்புக் கேட்ட பிறகு முன்னுக்கு வரலாம். குடித்துவிட்டு அடிதடி போட்ட அழகுமுத்து மூன்று வாரம் அதில் இருந்தான். அதுதான் நான் பார்த்ததில் அதிகம். சாட்சியில்லாமல் மூப்பரைப் பழித்தாள் என்று மரியநாயகியை அந்தப் பாய்க்கு அனுப்பினார்கள். அது ஐம்பத்தேழில். இன்றைக்கு எட்டு வருசம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

கூரைக்குத் தகரம் வந்ததே தவிர, கதவுக்கு ஒரு கொண்டி வரவில்லை. நானுஓயாப் பக்கத்துக் குளிர்காற்று எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அறுபத்தொன்றில் கண்டாக்கையா பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். பெற்றீசியாவையும் அவள் கைப்பிள்ளையையும் இங்கேயே விட்டுப் போனார். லயத்தில் ஒரு காம்பிரா அறையில் இருந்துகொண்டு அவளும் இப்போது கொழுந்து எடுக்கிறாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வரிசையில் உட்காருகிறாள், திருவிருந்து எடுக்கிறாள். உள்ளே போகும்போது தாயைத் தாண்டித்தான் போகவேண்டும். செருப்பைக் கழற்றும்போதுகூடக் குனிந்த தலை அந்தப் பக்கம் திரும்பாது. உபதேசியார் அதே குரலில் அதே படங்கைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

போன வருசம் புதுப் போதகர் வந்தார். நல்ல மனுசன். மரியநாயகியைக் கூப்பிட்டு, சபைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறதை நான் அழிக்கமுடியாது, ஒரு வார்த்தை மன்னிப்பென்று சொல்லிவிடு, நானே கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தபோது நானும் திட்டினேன். வாதக்கால் வேறு, வயது ஐம்பதாகப் போகிறது, வாயால் சொல்கிற ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன் நாயகி என்றேன்.

“சொல்லலாம் வாத்தியாரம்மா. நான் சொன்னது பொய்யின்னுதானே அர்த்தம்? அப்ப படங்குதான் நெசமாயிரும். எம் மக உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டில்ல இருக்கா.”

இஞ்சித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நொண்டிக்கொண்டு போனாள்.

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி, கல்லுமலைத் தோட்டத்து மேல் டிவிசன் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். நடந்தால் முக்கால் மணி நேரம். ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஆராதனை. பலகாரம் கொண்டுபோகவேண்டாம், அவளுக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. பழைய கம்பளித் துணி இருந்தால் முட்டிக்குச் சுற்ற ஆகும். உங்களைப் பார்த்ததும் முன்னால் வந்து உட்காருங்கள் என்று உபதேசியார் கூப்பிடுவார். போகாதீர்கள். கதவோரப் பாயில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. காற்று வருகிற பக்கமாக உட்காருங்கள்.

நீ ஏன் உட்காரவில்லை என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடமும் நாங்கள் இருக்கிற வீடும் சபைக்குச் சொந்தம். உங்களை அப்படி யாரும் வீட்டைவிட்டு எழுப்பமுடியாது. போய்ப் பாருங்கள்.