நோட்டன் பிரிட்ஜில் இறம்பொடை மலை

கோளரங்கம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது காற்றடித்து நிமிர்த்தும் கூடாரம். வேனில் மடித்துப் போட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோவோம். பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே வருவார்கள். என் சிநேகிதி கருவியை இயக்கி நட்சத்திரங்களைக் காட்டுவாள். நான் இருட்டில் நின்று பேசுவேன்.

நான் அக்கரப்பத்தனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை, மெதுவாகப் பேச எங்கே வரும்? முதல் நாள் நான் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காற்றடிக்கும் விசிறியின் இரைச்சலோடு மல்லுக்கட்டக் கூடாது, குரலை அதற்குக் கீழே இறக்க வேண்டும் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். விளக்கு அணைந்ததும் வாயைத் திறந்துவிடக் கூடாது, குசுகுசுப்பு அடங்கட்டும். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்வேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும், அங்கே சூரியன் எந்த மலைக்கு மேலே வருகிறது என்று காலையிலேயே விசாரித்து வைப்பேன். இருட்டில் அந்த மலையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். எங்கள் பக்கம் பாதி நாள் மூடுபனி. நட்சத்திரத்தைச் சரியாகப் பார்த்திராத பிள்ளைக்கும் தன் மலை தெரியும்.

இறம்பொடையில் ஒருநாள் சிநேகிதி தன் போனை என் பக்கத்தில் வைத்தாள். பேச்சில் எங்கே தொய்வு என்று பிறகு இரண்டு பேரும் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கைவைத்துச் சாப்பிடுகிறவள் சொன்னதில் எனக்கென்ன சந்தேகம்?

அதற்குப் பிறகு, கூடாரம் கிழிந்துவிட்டது, தைத்து வரும்வரை வேலை இல்லை என்று அவளே போன் பண்ணினாள். நம்பினேன். தைத்தாயிற்றா என்று அடிக்கடி விசாரித்துக்கொண்டும் இருந்தேன், அசடு மாதிரி.

நோட்டன் பிரிட்ஜில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மறுநாள் பள்ளிக்கூடத்தில் நட்சத்திரம் காட்டப் போகிறார்கள் என்று அக்கா மகள் குதித்தாள். வேறு யாரோ என்று நினைத்து அவளோடு போனேன். வாசலில் நின்றது எங்கள் வேன். கூடாரத்தில் ஒரு தையலும் இல்லை. அக்கா மகள் தன் வகுப்போடு முன்னால் போய்விட்டாள், நான் கடைசியாகத் தவழ்ந்து உள்ளே போனேன். சிநேகிதி கருவியில் குனிந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வந்தது.

"அனுமார் கோயில் மலை தெரியும்தானே? அதுக்கு மேல பாருங்க. என்ன தெரியுது?"

பிறகு அமைதி. இறம்பொடைப் பிள்ளைகளுக்காக நான் விட்ட இடைவெளி அது.

"இங்க அனுமார் கோயிலே இல்லியே" என்றது ஒரு பிள்ளை.

"ரொம்பச் சரி" என்றது என் குரல். கூடாரமே சிரித்தது.

வெளியே அவளைப் பிடித்துக்கொண்டேன். பதிவு இருந்தால் ஒருவர் போதும் என்று எங்களை அனுப்பும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேரில் யார் என்று வந்தபோது, பதிவு தன்னிடம் இருப்பதாக இவள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம். செய்ய மட்டும் மனசு வந்திருக்கிறது.

"ஒன் குரலத்தானேடி எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். "ஒன்ன எங்க விட்டுட்டோம்?"

அறையலாம் போலிருந்தது. பிள்ளைகள் நின்றதால் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா மகள் என் கையைப் பிடிக்கவில்லை. சித்திதான் பேசப் போகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளாம். அணைக்கட்டைத் தாண்டும்போது, அதற்கு மேலே இருந்த மலையைக் காட்டினாள்.

"எத்தன வாட்டி இங்க வந்திருக்கீங்க சித்தி. எங்க மலைய ஒங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே பேசியது நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் குரல் அவளுக்குத் தெரியும்.