படி ஏறாத ஆன்டிக்கு நான் போட்ட முழு மதிப்பெண்

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, எல்லாரும் பழையபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம் அது. நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பன்னிரண்டு கேள்விகள் கேட்டு, படிவத்தை நிரப்புவது என் வேலை. தமிழ் பேசும் நோயாளிகள் எல்லாரும் என் பொறுப்பு.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. மற்றவர்கள் அரை மணி நேரம் இழுப்பதை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். வலி இருக்கிறதா, இல்லை. நடக்க முடிகிறதா, முடிகிறது. டிக், டிக், டிக். நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த வேலை. ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேகமாக முடித்தால் நல்ல பெயர் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்படித்தான் கிள்ளானில் இருந்த ஓர் ஆன்டியைக் கூப்பிட்டேன். படி ஏறும்போது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். "படியா..." என்று இழுத்தார். நான் அதற்குள் பேனாவைக் கட்டத்தில் வைத்துவிட்டேன். "கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். மற்ற கேள்விகளுக்கும் அதே பதில்தான். முழு மதிப்பெண் போட்டேன். எங்கள் பிரிவில் அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் யாருக்கு இன்னும் பிசியோதெரபி தேவை என்று முடிவு செய்வார்கள். முழு மதிப்பெண் வாங்கிய ஆன்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவருடைய ஒப்புதல் படிவத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருந்தது தெரிந்தது. அது இல்லாமல் ஆய்வில் சேர்க்க முடியாது. சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். ஒரு தாமான் குடியிருப்பில் மாடி வைத்த வரிசை வீடு. மகன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். ஆன்டி மட்டும் வீட்டில் இருந்தார். கேட்டைத் திறக்க நன்றாகத்தான் நடந்து வந்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

உள்ளே போனதும் ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு ஒரு மெத்தை போட்டிருப்பதைப் பார்த்தேன். மடித்த சேலைகள் நாற்காலி மேல் அடுக்கியிருந்தன. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் முருகன் படம் போட்ட காலண்டர், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. யாராவது விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"நான்தாம்மா இங்க படுக்கிறேன். ரூம், சாமி ரூம் எல்லாம் மேல. ஆப்பரேஷன் முடிஞ்சு வந்த புதுசுல மூணாவது படியில கால் மடங்கிருச்சு. அன்னைக்கு விட்டதுதான். மகனும் ஏறாதீங்கன்னுட்டான்."

"போன்ல படி ஏற கஷ்டம் இல்லன்னு சொன்னீங்களே ஆன்டி?"

"ஏறுறதே இல்லையேம்மா. அப்புறம் என்ன கஷ்டம்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ்ளோ நல்ல டாக்டர்லா அவங்க. கையப் புடிச்சுப் பேசுனாங்க. அவங்க செஞ்சதுல கொறை இருக்குன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார்.

கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். ஒரு கையில் கோப்பை, மறு கை சுவரில். நான் வாங்கி மேசையில் வைத்தேன். பிசியோதெரபிக்கு ஏன் போவதில்லை என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரியிலயே போதும்னு சொல்லிட்டாங்க. இனிமே இவ்ளோதான் போல."

அந்த 'இவ்ளோதான்' என்னைக் குத்தியது. ஆஸ்பத்திரி எங்கே சொன்னது? பத்து நிமிடத்தில் டிக் போட்ட நான்தான் சொன்னேன். ஒரு மனுஷி தன் வீட்டு மாடியைவிட்டே ஒதுங்கிக் கிடக்கிறார், அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் வரும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சத்தமில்லாமல் படிவத்தை மாற்றிவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. ஆனால் பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்க்க டாக்டரால்தான் முடியும். திங்கட்கிழமை, ஆய்வை நடத்திய அந்த டாக்டரிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டியின் கையைப் பிடித்துப் பேசிய அதே சீனப் பெண்மணிதான். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதே மாதிரி இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டாய்?

அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

படிவத்தின் கேள்விகளை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுத இடம் விட்டார். நான் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கஷ்டமா என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது படி ஏறினீர்கள், பாசாருக்குக் காய்கறி வாங்க யார் போகிறார்கள், கோயிலில் எங்கே உட்காருகிறீர்கள் என்றும் கேட்டேன். பந்திங்கில் ஓர் அங்கிள் ஓட்ட முடியாமல் மோட்டார் சைக்கிளையே விற்றுவிட்டிருந்தார். அவருக்கும் 'ஒரு பிரச்சனையும் இல்லை' என்றுதான் டிக் போட்டிருந்தேன். மதிப்பெண்கள் சரிந்தன. ஆய்வின் முடிவு முன்பு போல் அழகாக இல்லை. டாக்டர் அப்படியே எழுதினார். என் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்.

ஆன்டிக்கு பிசியோதெரபி மீண்டும் தொடங்கியது. மூட்டு நன்றாகத்தான் மடங்கியது; பயத்தில் பயன்படுத்தாமல் விட்டதால் தொடைத் தசைதான் பலவீனமாகியிருந்தது. நான்கைந்து மாதம் ஆனது. ஒருநாள் காலை அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார்.

"மேல சாமி ரூம்ல இருந்து பேசுறேன்ம்மா. இப்பதான் வெளக்கு ஏத்துனேன்."

நான் அவருடைய படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். ஏறும்போது வலித்ததா என்று கேட்டேன்.

"வலிச்சுது. நடுவுல ரெண்டு தடவ நின்னு நின்னுதான் ஏறுனேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அன்று ஆன்டிக்கு நான் போட்ட அந்தக் குறைந்த மதிப்பெண் தந்த சந்தோஷத்தை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை. இப்போதும் யாராவது 'ஒண்ணும் கஷ்டம் இல்ல' என்று சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.