சிலுவைராஜின் வலது கை

சிலுவைராஜுக்குத் தன் வலது கைமேல் சந்தேகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கவாதம் லேசாகத் தொட்டுவிட்டுப் போனதில் காலும் பேச்சும் தப்பின. கை மட்டும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிட்டது. தோ குவான் லாரிப் பட்டறையில் முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை. எம்சி என்ற மருத்துவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். புக்கிட் பாத்தோக் வீட்டில் ஐஸ்பெட்டிக்கு மேலே ஒரு கடிதம் கிடக்கிறது. வேலையை விடுகிறேன் என்று அவருக்காக மகள் ஈவா டைப் அடித்துக் கொடுத்தது. கையெழுத்துதான் பாக்கி.

"போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம்" என்று மனைவி அற்புதமேரி ஒதுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பரமசிவம் கூப்பிட்டார். சுங்கை தெங்காவில் செடிப்பண்ணை வைத்திருக்கும் பழைய கூட்டாளி. அவர் பண்ணையில் மண் வண்டி இழுக்கும் டிராக்டர் சிலுவைராஜைவிட வயதில் மூத்தது. அதன் பக்கவாட்டில் கனமான இரும்புப் புல்லி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெல்ட் மாட்டித் தண்ணீர்ப் பம்பு ஓட்டியதாம். இப்போது அதற்குப் பின்னாலிருந்து எண்ணெய் ஒழுகியது. புல்லியைக் கழற்றாமல் உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சீலை மாற்ற முடியாது.

இது கழன்றால் திங்கட்கிழமை வேலை, கழலாவிட்டால் கையெழுத்து என்று சிலுவைராஜ் மனசுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை நடுவிலிருந்த நட்டு கழன்றது. புல்லி அசையவில்லை. துரு இளக எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறப்போட்டார். சனிக்கிழமை காலை புல்லியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரைக் கவ்வக் கொடுத்து முறுக்கினார். முறுக்க முறுக்க முழங்கைதான் நடுங்கியது.

"என்ன சிலுவை, தாலி கட்டின மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது?" என்றார் பரமசிவம்.

"உன் வண்டி உன்ன மாதிரிதான்யா இருக்கும். சொன்னா கேக்காது."

"வேணும்னா பட்டறையிலேருந்து ரெண்டு பேர வரச் சொல்லவா?"

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனாலும் சிலுவைராஜுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன செத்தா போயிட்டேன்? தள்ளி நில்லு" என்று பெரிய சுத்தியலை எடுத்தார். புல்லி வார்ப்பிரும்பு. ஓங்கிப் போட்டால் மண்சட்டி மாதிரி கீறிவிடும். அப்படி அடித்ததற்காகப் பட்டறையில் எத்தனை பேரை வாயில் வந்தபடி திட்டியிருக்கிறார்! தெரிந்தும் ஓங்கினார்.

"அண்ணே, பாத்து! பொட்டு மேல போட்டுடாதீங்க!"

கோப்பி கொண்டுவந்த பரமசிவத்தின் மனைவி சிவகாமசுந்தரி கத்தினாள். சுத்தியல் பாதியில் நின்றது.

"எந்தப் பொட்டு?"

"ஆயுத பூசைக்கு வைக்கிறதுண்ணே. அதோ, நடுவுல குண்டா இருக்குல்ல, அதுல ஒரு குழி. வேற எங்க வச்சாலும் மழையில வழிஞ்சுடும். அந்தக் குழியில வச்சா நிக்கும். பதினெட்டு வருசமா அங்கதான்."

"நானும் வருசா வருசம் பூசைக்கு முன்னாடி மேலேயே பெயிண்ட் அடிச்சுடுவேன்" என்றார் பரமசிவம் பெருமையாக.

சிலுவைராஜ் சுத்தியலைக் கீழே வைத்தார். ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இடத்தைச் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் பெயர்ந்தது, அதற்குக் கீழே சிவப்பு, பிறகு கல்லாக இறுகிப்போன சந்தனம், மறுபடி பச்சை. அடியில் தலையில்லாத ஒரு சின்னத் திருகாணி பல்லைக் காட்டியது. புல்லியை அச்சோடு பூட்டி வைத்திருப்பதே அதுதான்.

"அட பாவிங்களா! இது இருக்கிற வரைக்கும் இருபது வயசுப் பசங்க பத்துப் பேரு வந்து தொங்கினாலும் வராதுலா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாக இந்தக் கையை என்னவெல்லாம் ஏசிவிட்டார்!

திருகாணி லேசில் வரவில்லை. வலது கை இரண்டு தடவை வழுக்கியது. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று நிதானமாகத் திருப்பினார். கோப்பி ஆறிப்போனது. திருகாணி வெளியே வந்ததும் புல்லரை மாட்டி முறுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். புல்லி விரல் அகலம் முன்னே வந்து நின்றது.

"இனிமே பொட்ட எங்கண்ணே வைக்கிறது?" என்று கவலைப்பட்டாள் சிவகாமசுந்தரி.

"சீட்டுல வைம்மா. உன் வீட்டுக்காரன் உக்காந்து உக்காந்து அழிக்கட்டும்."

பரமசிவம் சிரித்து முடிப்பதற்குள் சிலுவைராஜ் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மேரி, ஐஸ்பெட்டி மேல ஒரு காயிதம் இருக்குல்ல? அதக் கிழிச்சுப் போடு."

"கை சரியாயிடுச்சா?" என்றாள்.

"இல்ல, நடுங்குதுதான். நீ வேலைச் சட்டையத் தேச்சு வை."

"கிரீஸ் அப்புற சட்டைய எவன்யா தேய்ப்பான்?" என்றாள் அற்புதமேரி. ஆனால் மூக்கை உறிஞ்சும் சத்தம் போனில் கேட்டது.