தாடையும் எலும்புதான்

பல் டாக்டர் என் மனைவியிடம்தான் கேட்டார். "ஏம்மா, சுகர், பிரஷர் எதுனா இருக்குதா? வேற மருந்து, மாத்திரை எதுவும் சாப்புடுறீங்களா?"

பதில் சொன்னது நான். "ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்குறா. பல்ல மட்டும் புடுங்கி வுட்டுடுங்க."

அன்று வெள்ளிக்கிழமை, செஞ்சியில் சந்தை நாள். கடைவீதியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. கூடவே கடலை வியாபாரமும் உண்டு. வெள்ளிக்கிழமையில் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்ததே எனக்குப் பெரிய எரிச்சல். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன். டாக்டர் ஊசியை எடுக்க அந்தப் பக்கம் திரும்பியபோது, நாற்காலியில் சாய்ந்திருந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாங்க, அந்த வருசத்துக்கு ஒருக்கா ஏத்துறோமே..."

"அது எலும்புக்கு. இவரு பல்லப் பாக்குறாரு. நீ சும்மா இரு" என்று அடிக்குரலில் அதட்டினேன். அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு போய்விடும் என்றார். வருடத்துக்கு ஒரு முறை கையில் டிரிப்ஸாக ஒரு மருந்து ஏற்றினார்கள். மூன்று முறை ஏற்றியாயிற்று. அதன்பின் இரண்டு தடவை விழுந்தாள், ஒன்றும் முறியவில்லை. நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே அந்த டாக்டர், "பல் எடுக்கிறதா இருந்தா, இந்த மருந்து ஏத்துறோம்னு பல் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் அப்போது போனில் கடலை விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகப் பேசுவது என் பழக்கம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்து "சாப்டியா?" என்றால், "அவ அப்பவே சாப்டுட்டா" என்று நான் சொல்வேன். ரேஷன் கடையில், பேங்கில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாம் அப்படித்தான். அவள் பேசினால் இழுத்து இழுத்துப் பேசுவாள், எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமான புதிதில் சிரிப்பாள். பிறகு பழகிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வைத்ததுதான் சட்டம். வல்லம் பக்கமிருந்து கடலை மூட்டை வந்தால், ஒரு பருப்பை எடுத்துக் கடைவாயில் போட்டுக் கடிப்பாள். "ஈரம் இருக்குது, வேணாம்" என்றால் மூட்டை வந்த வழியே திரும்பிவிடும். ஒருமுறைகூட அவள் கணக்குத் தப்பியதில்லை. அன்று பிடுங்கியது அந்தக் கடைவாய்ப் பல்லைத்தான், கீழே இடது பக்கம்.

பல் போன குழி இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும் என்றார்கள். மூடவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், மாத்திரை சாப்பிட்டாள். மாதம் ஒன்று ஓடியது. வாயில் வாடை வருகிறது என்று என் பக்கத்தில் உட்காருவதையே குறைத்துக்கொண்டாள். பல் டாக்டர் மறுபடி மறுபடி சுத்தம் செய்து பார்த்தார். அவர்மேலும் தப்பு சொல்ல முடியாது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்.

ஒருநாள் டார்ச் அடித்து நானே பார்த்தேன். குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"சோத்துப் பருக்க மாட்டிக்கினு இருக்குது. அதான் ஆற மாட்டேங்குது. வெரல வுட்டு எடு" என்றேன்.

அவள் விரலை விட்டு நெருடினாள். "வர மாட்டேங்குதுங்க."

"ஒரு பருக்கய எடுக்கத் தெரியல உனக்கு" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய மறுபடியும் நெருடினாள்.

அது பருக்கை இல்லை, அவளுடைய தாடை எலும்பு. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. அங்கே பார்த்த பெண் டாக்டருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "எலும்புக்கு ஊசி, டிரிப்ஸ் ஏதாவது போட்டீங்களா?" என்றார். வருடத்துக்கு ஒன்றாக மூன்று டிரிப்ஸ் ஏற்றியதை இந்தத் தடவையும் நான்தான் சொன்னேன்.

அந்த டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளர்வது உடம்பில் ஓயாமல் நடக்கும் வேலை. கரைவதை இந்த மருந்து தடுக்கிறது, அதனால்தான் மெலிந்த எலும்பு முறியாமல் நிற்கிறது. ஆனால் பல் பிடுங்கிய புண் ஆறுவதற்கும் அந்த வேலை நடந்தாக வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குத் தாடை ஆறாமல், அந்த இடத்து எலும்பு செத்துப்போகிறது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்றேன்.

"வேர் சிகிச்சை பண்ணி அந்தப் பல்லையே வச்சிருக்கலாம், ஐயா. எடுத்தே ஆகணும்னாலும் பாத்துப் பக்குவமா எடுத்திருப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சும்மா இருந்திருக்கலாம். திண்டிவனம் வரைகூட வாய் அடங்கவில்லை. "ஒனக்குத் தெரியும் இல்ல? அப்பவே சொல்லியிருக்கணும் இல்ல?" என்று பாய்ந்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "சொல்ல வந்தேன்" என்றாள். 

அதன்பின் இரண்டு முறை செத்த எலும்பைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கீழ் உதட்டில் இடது பாதி மரத்துப்போய்விட்டது. தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிகிறது, அது அவளுக்கே தெரிவதில்லை. கரைத்த சோறுதான் சாப்பாடு. கடலை மூட்டை வந்தால் இப்போது நானே கடித்துப் பார்க்கிறேன். ஈரம் இருக்கிறதா இல்லையா, எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. போன மாதம் ஒரு மூட்டை பூசணம் பிடித்தது. கடைக்குப் பின்னால் அந்த மூட்டையின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

சென்ற வாரம் மறுபடியும் புதுச்சேரி. என்ன ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். டாக்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "வலி எப்படிம்மா இருக்குது? ராத்திரி தூங்க முடியுதா?"

  அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு" என்றேன்.

முந்தானையால் உதட்டோரத்தை ஒற்றிக்கொண்டாள். "அவரையே கேளுங்க மேடம். எப்பவும் அவருதான் சொல்லுவாரு" என்றாள். குத்திக்காட்டவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தில் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.