வரேன்னு சொல்லாத

"பொங்கலுக்கு அப்பா வரேன்டா கண்ணு" என்று தமிழ்மணி போனில் சொன்னதும் கனிஷ்கா வீறிட்டாள். "வராத! நீ வராதப்பா!" என்று கத்திக்கொண்டே போனைப் பாயில் வீசிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். மூன்றரை வயசுக்கு எவ்வளவு ஆங்காரம்! வெண்மதி ஓடிவந்து போனை எடுத்தபோது, திரையில் அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "சரி, வையி" என்றான்.

ஒன்றரை வருஷமாக அந்த 'வரேன்' என்ற வார்த்தைக்காகத்தான் வெண்மதி காத்துக்கிடந்தாள். கம்மாபுரம் பக்கம் பானை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில், சூளை பார்த்துக்கொண்டிருந்த தமிழ்மணியைப் பார்த்தாள், அவனும் பார்த்தான், கல்யாணத்தில் முடிந்தது. பிள்ளை பிறந்த பிறகு, குஜராத்தில் டைல்ஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் பையைத் தூக்கிவிட்டான். அவள் அதே கம்பெனியில் இருக்கிறாள். அச்சிலிருந்து வரும், கரண்டுப் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை ஈரப் பஞ்சால் துடைத்து, விளிம்பைத் தேய்த்து, பலகையில் அடுக்க வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், மனசு மட்டும் குஜராத்தில் திரியும். அவன் விட்டுப்போன சட்டை ஒன்றைத் துவைக்காமலே பீரோவில் வைத்திருந்தாள். வாசம் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது, சிரிக்க மாட்டார்களா?

வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகியிடம் விடுவாள். சொல்லிக்கொண்டு போவதெல்லாம் கிடையாது. சொன்னால் கனிஷ்கா காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். அதனால் பெரியநாயகி, "அதோ பாரு அணிலு" என்று பிள்ளையைக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போவாள். வெண்மதி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக நழுவிவிடுவாள். தாய்மார்கள் எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம்தானே இது, இதற்காக யாரைத் தூக்கில் போடுவது?

கனிஷ்கா இன்னும் பால்வாடிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் பொல்லாத குட்டி. கண் பார்த்ததைக் கை செய்யும் என்பார்களே, அது இவளுக்குத்தான் பொருந்தும். குக்கர் விசில் அடித்தால், "அடுப்ப நிறுத்தும்மா" என்று அதட்டுவாள். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் கழிசல் கப்புகளைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் விரிசல் என்று தனித்தனியாக வைப்பாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பெரியநாயகி புருஷனோடு சண்டை போட்டு மூக்கைச் சிந்துவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். "உன் பொண்ணு எதிர்ல வாயத் தொறக்க முடியலடி மதி" என்று பெரியநாயகி அலுத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட பிள்ளை அப்பனை வராதே என்று சொன்னால், அப்பன் என்ன நினைப்பான்? மறுநாள் தமிழ்மணி பேசினான்.

"லீவுக்குப் பேரு கேக்கறாங்க. நான் சொல்லல, வேற ஆளு போவட்டும்."

"என்னாங்க பேசறீங்க?"

"புள்ளையே வராதன்னு சொல்லிடுச்சு. என் மூஞ்சி மறந்துடுச்சு போல இருக்குது. நான் வந்து என்னா பண்ணப் போறேன்?"

"இந்தத் தடவ வுட்டா அப்பறம் எப்ப?"

"ஆடியோ, ஆவணியோ."

பிள்ளைக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு வேணுமே நீ என்று வெண்மதிக்கு வாய்வரை வந்துவிட்டது. வெட்கம் கெட்டுப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். "பெத்த அப்பன வராதங்கிறியே, எங்கடி கத்துக்கிட்ட இத?" கனிஷ்கா அழுதாள். அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு வெண்மதியும் அழுதாள்.

எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அடுத்த நாள் சாயங்காலம் தெரிந்தது. பெரியநாயகியின் மகள் பூர்ணிமா லீவு முடிந்து காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். நம் ஜனங்கள் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லிவிட முடியுமா? அபசகுனம் என்று வாயிலேயே ஒரு போடு போடுவார்கள். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அவசரத்தில் அதுவும் சுருங்கி வெறும் 'வரேன்' ஆகிவிடும்.

"வரேங்க்கா" என்று வெண்மதியிடம் சொல்லிவிட்டு, "வரேன்டி குட்டி" என்று பூர்ணிமா கனிஷ்காவின் கன்னத்தைத் தட்டினாள். அவ்வளவுதான், பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"வரேன்னு சொல்லாதக்கா! சொல்லாத!"

"ஏன்டி? சொல்லாம எப்படிப் போறது?"

"வரேன்னா போயிடுவாங்க. கம்மாபுரத்துப் பிரபாகரன் மாமா வரேன்னாங்க, போயிட்டாங்க. அப்பா வரேன்னாங்க, போயிட்டாங்க. போன்லயும் வரேன்னாங்க. போன்லருந்தும் போயிடுவாங்க."

வெண்மதி அப்படியே அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா தெனம் வேலைக்குப் போறேனே? வந்துடுறேன் இல்ல?"

"நீதான் வரேன்னே சொல்ல மாட்டியே. அதான் வந்துடுற" என்றாள் கனிஷ்கா.

அடி ஆத்தே! சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவில்லை, சொல்லாமல் நழுவியவள் மட்டும் வந்தாள். பிள்ளை கண்ட கணக்கில் என்ன தப்பு? நேற்று அடித்த கையைப் பார்க்க வெண்மதிக்கே பிடிக்கவில்லை.

உடனே போன் போட்டாள். முழுசும் கேட்ட தமிழ்மணி சிரித்தான், சிரிப்போடு மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "அட என் தங்கமே! வராதன்னா போவாதன்னு அர்த்தமா? சூப்பர்வைசர் வெளியதான் நிக்கிறாரு, லீவு கேட்டுட்டு வரேன் இரு. ஐயோ, வரேன்னுட்டேனே, புள்ள காதுல வுழுந்துடுச்சா?"

மறுநாள் காலையில் வெண்மதி செருப்பைக் காலிலேயே மாட்டிக்கொண்டாள். "கனிஷ்கா, அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொன்னாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி பிள்ளை அலறியது.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்ட கதையா இருக்குதே!" என்றாள் பெரியநாயகி. "சும்மா போயிடு மதி, நான் அணிலு காட்டறேன்."

"இல்லக்கா. சொல்லிட்டுதான் போவேன்."

காதைப் பொத்திக்கொண்டுதான் தெருமுனை வரை நடந்தாள். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து, "வரேன்னு சொன்னேன் இல்ல? வந்துட்டேன் பாரு" என்று பிள்ளையைத் தூக்கினாள். மறுநாளும் அழுகை. அதற்கு மறுநாளும் அழுகை. மார்கழி போகப் போக அழுகை விசும்பலாயிற்று, விசும்பல் முகம் சுளிப்பதாயிற்று. ஒருநாள் வாயில் இட்லியை வைத்துக்கொண்டே, "ம், போயிட்டு வா" என்றாள் கனிஷ்கா. அணிலிடம்கூட வரேன் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வரத் தொடங்கினாள். வெண்மதிக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கலுக்குத் தமிழ்மணி வந்தான். முதல் நாள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளை, அடுத்த நாளிலிருந்து அவன் தோளை விட்டு இறங்கவில்லை. பீரோவில் இருந்த சட்டையை வெண்மதி அப்போதுதான் துவைத்துப் போட்டாள். மணிமுத்தாற்றங்கரைக்குப் போனார்கள், கரும்பு தின்றார்கள், காரணமே இல்லாமல் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் இரேன் என்று கேட்டால் இருந்துவிடவா போகிறான்? கேட்காமலே நாட்கள் ஓடின.

கிளம்புகிற அன்று காலையில் ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. தமிழ்மணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெண்மதியின் காதருகில் கேட்டான்: "சொல்லவா, சொல்லாம போயிடவா?"

"சொல்லுங்க. இப்பல்லாம் அழாது."

அவன் குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்தான். "கனிஷ்கா, அப்பா போயிட்டு வரேன்டா."

கனிஷ்கா அழவில்லை. காலையும் கட்டிக்கொள்ளவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினாள். "சரிப்பா. சாயங்காலம் வந்துடு."

ஆட்டோவில் வைத்த காலை எடுக்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் தமிழ்மணி நின்றான். வெண்மதி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று டிரைவர் சொன்ன பிறகுதான் ஏறினான்.

அன்று வேலை முடிந்து அவள் வந்தபோது, கனிஷ்கா முகம் கழுவி, பவுடர் பூசி, பெரியநாயகி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து ஓடிவரவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்துலருந்து இப்படித்தான் குந்திக்கிட்டு இருக்குது" என்றாள் பெரியநாயகி, மெதுவாக.

வெண்மதி பையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கனிஷ்காவோடு சேர்ந்து அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயங்காலம் ஆயிடுச்சாம்மா?"

"இன்னும் ஆவலடி" என்றாள் வெண்மதி.